வங்கி கேட்ட கேள்வி



யாருடைய நினைவாக அவர் குடும்பத்தார் இந்த அறக்கட்டளையை நிறுவினார்களோ, அந்தப் பெரியவரை நான் பார்த்ததில்லை. அவர் மகள் சொன்ன ஒன்று மட்டும் மனதில் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் மேசன்மாரை வைத்து வீடு கட்டிக் கொடுத்தவர் அவர். அத்திவாரம் கட்டி முடித்த அன்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் மண் போட்டு மூட விடமாட்டாராம். "மூடின பிறகு நான் சொல்லுறதைத்தானே நீங்கள் நம்பவேணும். இப்பவே வந்து பாருங்கோ" என்பாராம். இந்த இலண்டன் நகரத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டடப் பரிசோதனை செய்கிறவன் நான். மூடுவதற்கு முன் கூப்பிட்டுக் காட்டிய ஒருவரை இந்த நாட்டில் நான் சந்தித்தது அரிது. அதனால்தான் அவர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் மூடிய சுவர்களைப் பற்றிப் பேச எண்ணினேன்.

இங்கே ஃபிளாட் வைத்திருக்கும் பலருக்கு இ.டபிள்யூ.எஸ். 1 என்ற பெயர் தெரிந்திருக்கும். வெளிச்சுவர்த் தீப் பரிசோதனைப் படிவம் என்று தமிழில் சொல்லலாம். சில பக்கங்கள், சில கட்டங்கள், கடைசியில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாததால் வீட்டை விற்க முடியாமல், கடனை மாற்றி எடுக்க முடியாமல், வேலை கிடைத்த ஊருக்குப் போக முடியாமல், இரண்டாவது பிள்ளையைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்த குடும்பங்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில். என் தங்கையின் குடும்பத்திலும் ஒன்று உண்டு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2017 ஜூன் 14. வட கென்சிங்டனில் கிரென்ஃபெல் டவர், 24 மாடி. நள்ளிரவு தாண்டி ஒரு மணியாக ஆறு நிமிடம் இருக்கையில் நான்காம் மாடி வீடு ஒன்றின் சமையலறைத் தீ பற்றி முதல் அழைப்பு போகிறது. குளிர்பதனப் பெட்டியில் தொடங்கிய தீ அது. சமையலறைத் தீ இலண்டனில் நாள்தோறும் நடப்பது; தீயணைப்புப் படை வந்து அணைத்துவிட்டுப் போகும். அன்று தீ ஜன்னல் வழியாக வெளியே வந்து சுவரைப் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் உச்சி மாடியைத் தொட்டது. 72 பேர் இறந்தார்கள்.

அந்தச் சுவரில் என்ன இருந்தது? 1974-இல் கட்டி முடித்த கான்கிரீட் கட்டடம் அது. கான்கிரீட் எரியாது. 2016-இல் முடிந்த புதுப்பிப்பு வேலையில் அதன்மேல் ஒரு சட்டை போட்டார்கள். கிளாடிங் என்று நாம் எல்லோரும் சொல்வது அந்தச் சட்டையைத்தான். அரை மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் மூன்று மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். பையும் வாளியும் செய்கிற பிளாஸ்டிக்கின் இனம். சூடு பட்டால் உருகும், சொட்டும், சொட்டிய இடத்திலும் எரியும். தகட்டுக்குப் பின்னால் மழைநீர் வடியவும் காற்றோடவும் ஓர் இடைவெளி. அதற்குப் பின்னால் வீட்டுச் சூடு வெளியேறாமலிருக்க நுரைப்பலகை. அதுவும் எரியக்கூடியது. தீ அந்த இடைவெளிக்குள் புகுந்துவிட்டால் அது ஒரு புகைபோக்கி ஆகிவிடுகிறது. முதலில் திட்டமிட்டிருந்தது துத்தநாகத் தகடு. அதை மாற்றி இந்த அலுமினியத் தகட்டைப் போட்டதால் மிச்சமானது சுமார் 2,93,000 பவுண்டு. அந்த எண்ணை என்னால் மறக்க முடிவதில்லை.

மாடிக் குடியிருப்பில் தீப் பாதுகாப்பு என்பது ஒரு வாக்குறுதி. ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி. ஒரு பெட்டியில் தீ பிடித்தால் தரையும் கூரையும் கதவும் அதை ஒரு மணி நேரமாவது உள்ளேயே வைத்திருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். தீயணைப்புப் படை அந்த இரவில் மக்களுக்குச் சொன்னதும் அதைத்தான். வெளிச்சட்டை எரியத் தொடங்கினால் எல்லாப் பெட்டிகளின் ஜன்னலிலும் ஒரே நேரத்தில் தீ நிற்கும் என்பது அந்த வாக்குறுதிக்குள் இல்லை. "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரையை 2.47-க்குத்தான் கைவிட்டார்கள். அதற்குள் பலருக்கு மாடிப்படி புகையால் மூடிவிட்டது.

சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை தன் இறுதி அறிக்கையை 2024 செப்டம்பர் 4-ஆம் நாள் வெளியிட்டது. அத்தனை உயிரிழப்புகளும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று அதை வெளியிட்டபோது அவர் சொன்னார். பொருள் தயாரித்தவர்கள் பரிசோதனை முடிவுகளைத் திட்டமிட்டே திரித்தார்கள் என்று அறிக்கை எழுதியது. நுரைப்பலகை தயாரித்த ஒரு நிறுவனம் 2014-இல் நடத்திய தீப் பரிசோதனையில், பரிசோதனைச் சுவருக்குள் எரியாத மக்னீசியம் ஆக்சைடு பலகைகளைச் செருகி வைத்துவிட்டு, அந்த விவரத்தை வெளியே சொல்லாமல் விட்டது. பெரியவர் மண் மூடும் முன் கூப்பிட்டுக் காட்டியதற்கு நேர் எதிரான செயல் இது.

கிரென்ஃபெல்லுக்குப் பிறகு அரசு கேட்ட கேள்வி, "இதே அலுமினியத் தகடு வேறு எங்கே இருக்கிறது?" என்பது. 2018 டிசம்பரில், 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் கூடாது என்ற தடை வந்தது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கு அறிவுரைக் குறிப்புகள்தான் வந்தன. உங்கள் கட்டடத்தின் சுவரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று அவை உரிமையாளர்களிடம் கூறின. தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் வங்கி நுழைகிறது. வீட்டுக்கு மோர்ட்கேஜ் கேட்டால் வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் வந்து தரையைப் பார்ப்பார், ஈரம் பார்ப்பார், தெருவில் விற்ற விலைகளைப் பார்ப்பார். 2018 முடிவில் அவர் முன் ஒரு புதிய கேள்வி வந்தது: இந்தச் சுவரைப் பிற்பாடு கழற்றி மாற்ற வேண்டி வந்தால், ஒவ்வொரு வீட்டின் தலையிலும் பல்லாயிரம் பவுண்டு விழுமே, அப்போது இந்த வீட்டுக்கு என்ன விலை? கீழே நின்று அண்ணாந்து பார்த்து இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே பலர் பாதுகாப்பான ஓர் எண்ணை எழுதினார்கள். பூச்சியம்.

இந்தப் பூச்சியங்களை அவிழ்க்கத்தான் 2019 டிசம்பரில் பட்டய மதிப்பீட்டாளர்களின் அமைப்பும் வங்கிகளின் சங்கமும் வீட்டுக்கடன் தரும் கட்டடச் சங்கங்களும் சேர்ந்து இ.டபிள்யூ.எஸ். 1-ஐக் கொண்டுவந்தன. கட்டடத்துக்கு ஒரு படிவம், ஐந்து ஆண்டு செல்லும். 'ஏ' என்றால் வெளிச்சுவரின் முக்கியப் பொருள்கள் தீக்குத் துணைபோகும் வாய்ப்பு குறைவு. 'பி' என்றால் எரியும் பொருள் இருக்கிறது. அதில் பி1 என்றால் ஆபத்து குறைவு, மாற்ற வேண்டியதில்லை. பி2 என்றால் மாற்றியே ஆக வேண்டும். இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். கட்டடப் பொருள்களுக்கு ஐரோப்பிய வகைப்பாட்டிலும் ஏ1, ஏ2 என்ற தரங்கள் உண்டு. படிவத்திலும் ஏ1, ஏ2, ஏ3 உண்டு. இரண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. "எங்கள் தகடு ஏ2" என்று முகவர் சொல்வது படிவத்தின் ஏ2 அல்ல.

சட்டம் கேட்ட படிவமல்ல இது. உயிர்ப் பாதுகாப்புச் சான்று அல்ல என்று அதை வெளியிட்டவர்களே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடன் கொடுப்பவர் தன் பணத்துக்காகக் கேட்கும் கேள்விக்கான பதில், அவ்வளவுதான். ஆனால் வேறு யாரும் கேள்வி கேட்காத இடத்தில், கேட்ட ஒரே கேள்வி எல்லாவற்றுக்குமான கேள்வியாகிவிடுகிறது.

முதலில் 18 மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஆறு மாடிக்கு மேல் மட்டுமே படிவம் தேவை என்றிருந்தது. படிவம் வருவதற்குச் சற்று முன், 2019 நவம்பர் 15-ஆம் நாள், போல்டன் நகரில் கியூப் என்ற மாணவர் விடுதி எரிந்தது. 18 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். வேறு வகைத் தகடு. மாணவர்கள் உயிர் தப்பினார்கள். 2020 சனவரியில், முந்தைய அறிவுரைக் குறிப்புகளைத் திரட்டிய அரசின் தொகுப்புக் குறிப்பு வந்தது: எந்த உயரமானாலும் பாருங்கள். எண்ணம் நல்லதுதான். விரைவிலேயே மூன்று மாடிச் செங்கல் கட்டடத்துக்கும் வங்கிகள் படிவம் கேட்கத் தொடங்கின.

யார் எழுதிக் கொடுப்பது? 'பி' பிரிவில் கையெழுத்துப் போட, பட்டயம் பெற்ற தீப் பொறியாளர் வேண்டும். நாடு முழுவதும் அவர்கள் சில நூறு பேர். அவர்களுடைய தொழில்முறைக் காப்புறுதியிலோ, வெளிச்சுவர்த் தீ தொடர்பான வேலைக்குக் காப்பு இல்லை என்று காப்புறுதி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போடத் தெரிந்தவரும் போடத் துணியாத நிலை.

இங்கேதான் என் மருமகனின் கதை. தங்கையின் மகன். 2016-இல் கிழக்கு இலண்டனில் ஆறு மாடிக் கட்டடத்தில் ஓர் அறை ஃபிளாட் வாங்கினான். கலியாணம் முடிந்து பிள்ளை பிறந்தது. 2020 புரட்டாதியில் வீட்டை விற்கப் போனார்கள். வாங்க ஆள் கிடைத்தது. வாங்குகிறவரின் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பூச்சியம் எழுதினார். மருமகன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "மாமா, நீங்கள் இதைத்தானே வேலையாச் செய்யிறீங்கள். நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுத் தர ஏலாதோ?"

ஏலாது. நான் சுவரைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதுகிறவன். தீப் பொறியாளன் அல்ல. அவனோ என் தங்கையின் பிள்ளை. இவை இரண்டும் இல்லாவிட்டாலும் ஏலாது, ஏனென்றால் அந்தச் சுவர் அவனுடையதல்ல. இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்குகிறவர் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகைதான் வாங்குகிறார். உள்ளே பூசிய சுண்ணாம்பு வரை அவருடையது. வெளிச்சுவரும் கூரையும் நிலத்துக்கு உரியவருடையது. சுவரில் ஒரு துளை போட்டுப் பார்க்கவும் குத்தகைக்காரருக்கு உரிமையில்லை. அதைச் சரிசெய்யும் செலவை மட்டும் அப்போது சேவைக் கட்டணமாக அவரிடம் வாங்க முடிந்தது. பரிசோதனை செய்விக்கவும் முடியவில்லை, செலவை மறுக்கவும் முடியவில்லை. பதினைந்து மாதம் அவர்கள் நிர்வாக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வரிசையில் இருக்கிறது என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அதற்குள் கட்டடத்தின் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. இரவுக் காவல் வந்தது. எச்சரிக்கை மணி பொருத்தும்வரை, கையில் காற்றுக் குழலோடு இருவர் இரவு முழுதும் மாடி மாடியாக நடப்பார்கள். புகை கண்டால் ஊதி எழுப்புவார்கள். அதற்கும் குடியிருந்தவர்கள்தான் பணம் கட்டினார்கள். பிள்ளை தூங்கும் அறைக்கு வெளியே அந்தக் காலடி கேட்கும்போதெல்லாம் தானும் எழுந்துவிடுவதாக மருமகள் சொன்னாள்.

அந்த ஆண்டுகளில் நான் திறந்த சுவர் ஒன்றைச் சொல்கிறேன். வேறு கட்டடம், 2021 மாசி மாதம். தூக்குக் கூடையில் ஐந்தாம் மாடி உயரத்தில் நிற்கிறோம். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, தகட்டை இருவர் பிடித்து இறக்கினோம். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய மஞ்சள் நுரைப்பலகை. ஒவ்வொரு மாடி மட்டத்திலும் தடுப்புப் பட்டை ஒன்று ஓட வேண்டும். சாதாரண நேரத்தில் காற்றுப் போக இடம் விட்டிருக்கும். சூடு பட்டதும் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். தீ மேலே ஏறாமல் நிற்பது அந்தப் பட்டையை நம்பித்தான். வரைபடத்தில் பட்டை இருந்தது. சுவரில் ஜன்னலுக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது. அடுத்த இடத்தில் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். அதற்கும் அடுத்த இடத்தில் பட்டையே இல்லை. பட்டை இருக்க வேண்டிய மட்டத்தில் எப்போதோ ஒரு தொழிலாளி விட்டுப்போன உருளைக்கிழங்குச் சிப்ஸ் பை ஒன்று கிடந்தது. படம் எடுத்தேன். அளந்தேன்.

அப்போது பக்கத்துச் சமையலறை ஜன்னல் திறந்தது. வயதான ஓர் அம்மா. இத்தனை உயரத்தில் தன் ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்பதைப் பார்த்து அவர் பயப்படவில்லை. சுவரைக் காட்டி, "எங்கள் வீடு பாதுகாப்பானதா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்னை அமர்த்தியவர் நிலத்துக்கு உரியவர். என் அறிக்கை அவருக்குப் போகும், அவரிடமிருந்து தீப் பொறியாளருக்கு, அவரிடமிருந்து படிவமாக வங்கிக்கு. பதினைந்து அங்குலத் தூரத்தில் நிற்கும் அந்த அம்மாவுக்குப் போகாது. "அறிக்கை வந்ததும் நிர்வாகம் சொல்லும்" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். நான் இந்தத் தொழிலில் சொன்ன வார்த்தைகளில் அதற்காகத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு பலவும் மாறின. கிளாடிங் இல்லாத கட்டடங்களுக்குப் படிவம் தேவையில்லை என்று 2020 நவம்பரில் அறிவிப்பு வந்தது. எத்தனை மாடிக்கு, எவ்வளவு கிளாடிங் இருந்தால் கேட்கலாம் என்று 2021 ஏப்ரல் முதல் மதிப்பீட்டாளர்களுக்கு வரையறை வந்தது. 2022 சனவரியில் தொகுப்புக் குறிப்பைத் திரும்பப் பெற்றார்கள்; எரியுமா எரியாதா என்பதோடு நிற்காமல், தீ எவ்வளவு வேகமாகப் பரவும், மக்கள் வெளியேற வழி எப்படி என்பதையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பீட்டு முறை வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கட்டடப் பாதுகாப்புச் சட்டம். 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில், 2022 பிப்ரவரி 14 அன்று அந்த வீட்டிலேயே குடியிருந்த, அல்லது சொந்த வீடுகள் மூன்றுக்கு மேல் இல்லாத குத்தகைக்காரர் கிளாடிங் மாற்றச் செலவு தர வேண்டியதில்லை. மற்றக் குறைகளுக்கும் இலண்டனில் பெரும்பாலோருக்கு உச்சவரம்பு 15,000 பவுண்டு, வெளியே 10,000. 2023 சனவரியில், அரசு நிதியோ கட்டியவரின் ஒப்பந்தமோ இந்தச் சட்டமோ காப்பு தரும் கட்டடமானால் பி2 வந்த வீட்டுக்கும் கடன் தருவோம் என்று ஆறு பெரிய கடன் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. இவற்றை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடவில்லை. மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் இலண்டனிலும் குத்தகைக்காரர்கள் வேலை முடிந்து வந்த இரவுகளில் எழுதி, கூடி, நாடாளுமன்றத்தின் முன் நின்று வாங்கியவை.

ஆனால் கடன் கிடைப்பது வேறு, சுவர் மாறுவது வேறு. 2021 ஜூலையில் அரசு கேட்ட நிபுணர்கள், மாடிக் குடியிருப்புகளில் பரவலான தீ ஆபத்து ஏதும் இல்லை என்றார்கள். மொத்தமாகப் பார்த்தால் அது சரி. பெரும்பாலான கட்டடங்கள் எரிவதில்லை. எந்தக் கட்டடத்தில் பட்டை ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது என்பதுதான் திறக்காமல் தெரியாது. 2024 நவம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்ன கணக்கு: 11 மீட்டருக்கு மேற்பட்ட 9,000 முதல் 12,000 கட்டடங்களுக்குச் சீரமைப்பு தேவைப்படலாம்; அவற்றில் 60 விழுக்காடு வரை இன்னும் அடையாளம் காணப்படவில்லை; வேலை 2035 வரை நீளலாம். அதே ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் டேகனமில் ஒரு கட்டடம் எரிந்தது. ஆபத்தான கிளாடிங்கை அகற்றும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தபோதே.

படிவம் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம், பரிசோதனைக்கு எந்தக் கட்டடம் முன்னே வந்தது தெரியுமா? எந்தக் கட்டடத்தில் யாரோ ஒருவர் வீடு விற்க முயன்றாரோ, அது. சமூக வீட்டு வாடகைக்காரர்கள் நிறைந்த கட்டடத்தில் விற்பவர் குறைவு. ஆகவே கேட்கும் வங்கியும் குறைவு. தூங்கும் உயிர்கள் இரண்டு கட்டடத்திலும் ஒன்றுதான். வங்கியின் மேல் எனக்குக் கோபமில்லை. தன் பணத்துக்கு அது கேட்ட கேள்வி சரியான கேள்வி. குழந்தையின் உறக்கத்துக்காக அதே கேள்வியைக் கேட்கும் கடமையை ஓர் அரசு இத்தனை ஆண்டுகள் வங்கியிடம் விட்டுவைத்திருந்தது. என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது அதுதான். நிலத்துக்கு உரியவர் இந்தத் தேதிக்குள் சுவரைத் திறந்து பார்க்க வேண்டும், என்ன கண்டார் என்பதை உள்ளே குடியிருப்பவருக்கு அவருடைய மொழியில் எழுதித் தர வேண்டும் என்ற இரண்டு விதிகளை 2017 ஆடியிலேயே போட்டிருக்கலாம்.

மருமகனின் கட்டடத்துக்கு 2022-இல் படிவம் வந்தது. பி2. கட்டிய நிறுவனம் செலவை ஏற்றது. இந்த ஆண்டுதான் சாரம் கட்டினார்கள். சாரத்தின் மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் திரை. ஏழு மாதமாகப் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைக்கிறார்கள். பிள்ளைக்கு ஆறு வயது, இன்னும் அதே ஓர் அறை வீடு.

போன சனிக்கிழமை போயிருந்தேன். தள மேற்பார்வையாளரிடம் என் தொழிலைச் சொல்லி, மருமகனையும் கூட்டிக்கொண்டு சாரத்தில் ஏற அனுமதி கேட்டேன். அவர் நல்ல மனிதர். இரண்டு தலைக்கவசம் எடுத்துக் கொடுத்தார். பழைய தகடுகளைக் கழற்றிக் கீழே அடுக்கியிருந்தார்கள். நுரைப்பலகை போய், ராக்வுல் என்ற எரியாத பாறைக் கம்பளி வந்திருக்கிறது. புதிய தகடு இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு மாடி மட்டத்திலும் தடுப்புப் பட்டை எங்கே தொடங்குகிறது, ஜன்னல் ஓரத்தில் எப்படிச் சேர்கிறது என்று அவனுக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, நான்காம் மாடி. நான் சொல்லச் சொல்ல அவன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். நான்காம் மாடிவரை ஓர் இடமும் விடுபடவில்லை. அதற்கு மேல் வெளிச்சம் போதவில்லை. மீதி இரண்டு மாடியையும் தகடு மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். வருகிற வியாழன் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.